சொல்லக் கூசும் வலி

ஆசனவாய் வெடிப்புக்குக் கத்தியைவிட முதலில் வேண்டியது நார்ச்சத்து. எவ்வளவு, எதிலிருந்து என்பதற்கான கணக்கைப் போட்டு வைத்திருப்பது ஹைதராபாத்.

பெரிய மருத்துவமனை எதிலும் அறுவை சிகிச்சைப் பிரிவின் காலை வரிசையைக் கவனித்தால் ஒரு வகை நோயாளியை அடையாளம் கண்டுகொள்ளலாம். நாற்காலி காலியாக இருக்கும். அவர் உட்கார மாட்டார். உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவார். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் குரலைத் தாழ்த்தி "மூலம்" என்பார். ஹைதராபாதில் தெலுங்குக்காரராக இருந்தால் "மொலலு" என்பார். பாதி பேருடைய விஷயத்தில் அது மூலமே அல்ல என்று தெரிவதற்குள் மாதங்கள் கடந்திருக்கும். வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லாமல், மருந்துக் கடையில் தானாகவே ஒரு களிம்பு வாங்கித் தடவி, விளக்குக் கம்பத்தில் ஒட்டிய "கத்தியின்றி, ரத்தமின்றி" விளம்பரத்தின் விலாசத்துக்குப் போய் வந்து, கடைசியில்தான் டாக்டரிடம் வருகிறார்கள்.

அவர்களில் கணிசமானவர்களுக்கு இருப்பது ஆசனவாய் வெடிப்பு. ஆசனவாயின் உட்புறத் தோலில், நகத்தால் கீறியது போன்ற ஒரு கிழிசல். நீளம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் மலம் கழிக்கும்போது உடைந்த கண்ணாடி வெளியே வருவதுபோல வலிக்கும். அதன் பிறகும் ஒரு மணி நேரம், சிலருக்கு அரை நாள், எரிச்சலும் இறுக்கமும் நீடிக்கும். துடைக்கும்போது பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சில சொட்டுகள். மூலத்திலும் ரத்தம் வரும், ஆனால் பெரும்பாலும் வலி இருக்காது. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே பலர் தவறான மருந்துக்குச் செலவழிக்கும் பணம் மிச்சமாகும்.

இவ்வளவு சிறிய கிழிசல் ஏன் ஆறுவதில்லை? கையில் இப்படி ஒரு காயம் பட்டால் நான்கு நாளில் மறைந்துவிடுமே? காரணம் அதன் அடியில் இருக்கும் தசை. ஆசனவாயை மூடி வைத்திருக்கும் இரண்டு சுருக்குத் தசைகளில் உட்புறத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. வலி கண்டதும் அது இறுகுகிறது. இறுகினால் அந்த இடத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. ரத்தம் குறைந்தால் புண் ஆறாது. வெடிப்புகளில் பத்துக்கு ஒன்பது பின்புற நடுக்கோட்டில் வருவதற்கும் இதுவே காரணம் என்று கருதப்படுகிறது. இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைந்த இடம் அது. பிரசவித்த பெண்களுக்கு முன்புறத்திலும் வருவதுண்டு.

தசை இறுகுவது பாதிக் கதை. மீதிக் கதையை நோயாளியே எழுதுகிறார். நேற்று வலித்ததால் இன்று போகப் பயம். உந்துதல் வந்தும் அடக்குகிறார். உள்ளே தங்கும் மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. இரண்டு நாள் கழித்து அது கல்லாக வெளியே வரும்போது ஆறத் தொடங்கிய கிழிசல் மறுபடி பிளக்கிறது. அடுத்த கட்டம் இன்னும் மோசம்: சாப்பிட்டால்தானே போக வேண்டும் என்று சாப்பாட்டையே குறைக்கிறார். இரவுச் சாப்பாடு போயிற்று, காய்கறி போயிற்று. மலத்தின் அளவு குறைந்ததே தவிர அதன் கடினம் கூடிவிட்டது. எடை குறைந்து, முகம் வாடி, அலுவலகத்தில் எரிந்து விழுகிற ஒருவருக்கு உள்ளபடியே இருக்கும் நோய் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் என்பதை யார் நம்புவார்கள்?

வீட்டார் அன்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. உடம்பு சரியில்லாதவருக்குத் தமிழ் வீடுகளில் பத்தியம் என்றால் ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி, ரொட்டி, ரஸ்க். செகந்திராபாதின் மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. காய்ச்சலுக்கு இது சரி. வெடிப்புக்கு இதைவிடத் தவறான சாப்பாட்டை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். தயிரிலும் ரசத்தின் தெளிவிலும் நார்ச்சத்து அறவே இல்லை. ரொட்டியும் ரஸ்க்கும் மைதா. வாயில் மெதுவாக இருப்பதெல்லாம் வெளியேறும்போதும் மெதுவாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் இங்கே குற்றவாளி.

நார்ச்சத்து என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எதில் எவ்வளவு என்று கேட்டால் பதில் தேட வேண்டிய இடம் ஹைதராபாதின் தார்நாகா. உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது தமிழ்நாட்டில். 1918ல் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. 1958ல் ஹைதராபாதுக்கு மாறியது; 1969ல் இப்போதைய பெயரைப் பெற்றது. இமயமலைப் பகுதியில் பணியாற்றிய ஆண்டுகளில், முழுத் தானியமும் பழமும் காயும் தின்று வாழ்ந்த மக்களிடையே வயிற்றுப் புண், பெருங்குடல் அழற்சி போன்ற நோய்களைத் தாம் காணவே இல்லை என்று மெக்கரிசன் 1920களிலேயே சொன்னார். கேட்டவர்கள் குறைவு.

அரை நூற்றாண்டு கழித்து அதே விஷயத்தை உகாண்டாவில் பணியாற்றிய இன்னொரு டாக்டர் சொன்னபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அயர்லாந்தைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் டெனிஸ் பர்கிட் கூச்சமில்லாமல் மலத்தை நிறுத்துப் பார்த்தவர். 1972ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கணக்கின்படி பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் நாளுக்கு 100 கிராம் சொச்சம் கழித்தார்கள். சாப்பிட்டது வெளியேற மூன்று நாளுக்கும் மேலாயிற்று. உகாண்டா கிராமத்தவர்கள் கழித்தது 400 கிராமுக்கு மேல். எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றரை நாள். இடையில் நின்ற வித்தியாசம் நார்ச்சத்து என்றார் பர்கிட்.

அப்போது இந்தியாவில் நிலைமை என்ன? 1971ல் ஹைதராபாத் நிறுவனம் வெளியிட்ட 'இந்திய உணவுகளின் ஊட்ட மதிப்பு' என்ற நூல் உணவியல் நிபுணர்களின் வேதப் புத்தகமாயிற்று. அதன் முதல் ஆசிரியர் சி. கோபாலன், சேலத்தில் 1918ல் பிறந்து, நூறு வயது கண்டு 2019ல் சென்னையில் மறைந்தவர். நாட்டின் எந்த ஆஸ்பத்திரியிலும் பத்தியச் சீட்டு எழுதுபவர் நெடுங்காலம் புரட்டிப் பார்த்தது இந்த நூலைத்தான். ஆனால் நார் விஷயத்தில் மட்டும் அதன் பிரதான அட்டவணை ஏமாற்றியது. தவறு நூலாசிரியர்களுடையது அல்ல, அக்காலத்து முறையினுடையது. உணவை முதலில் அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்க வைத்து, கரையாமல் மிஞ்சியதை 'கச்சா நார்' என்று எழுதினார்கள். மனிதக் குடல் அத்தனை கொடுமைக்காரன் அல்ல. அமிலத்தில் கரைந்து காணாமல் போனவற்றில் பெரும்பகுதி நம் வயிற்றில் கரையாமல் பெருங்குடல்வரை போய்ச் சேருகிறது.

நொதிகளைக் கொண்டு, ஏறக்குறைய குடல் செய்வதுபோலவே அளக்கும் முறை 1980களில் வந்தது. அந்த வழியில் 528 உணவுகளை, நாட்டின் ஆறு பகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து அளந்து, டி. லோங்வா தலைமையில் அதே நிறுவனம் 2017ல் புதிய அட்டவணையை வெளியிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சுவாரசியம். 100 கிராம் கேழ்வரகில் பழைய கணக்குப்படி 3.6 கிராம் நார். புதிய கணக்கில் 11க்கு மேல். சோளம் 1.6லிருந்து 10க்கு ஏறியது. கம்பு 1.2லிருந்து 11.5க்கு. கோதுமை மாவு 1.9லிருந்து 11.4க்கு. தீட்டிய பச்சரிசியும் 0.2லிருந்து ஏறத்தான் செய்தது, ஆனால் 2.8ல் நின்றுவிட்டது. மைதாவும் அதே 2.8. அதாவது சோற்றையும் ரொட்டியையும் மாற்றி மாற்றித் தின்பவர், நாரைப் பொறுத்தவரை ஒன்றையே தின்கிறார்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தேவை? 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு ஏறக்குறைய 30 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு சராசரித் தமிழர் நாளுக்கு 300 கிராம் அரிசி (சமைப்பதற்கு முன் நிறுத்த எடை, இட்லி அரிசியும் சேர்த்து) சாப்பிடுகிறார் என்றால் அதில் கிடைப்பது எட்டரை கிராம். சாம்பாரில் 50 கிராம் துவரம்பருப்பு நாலரை கிராம் தரும். 200 கிராம் காய்கறி ஆறேழு கிராம். மொத்தம் 20ஐத் தொடுவதே கஷ்டம். அதிலும் 200 கிராம் காய்கறி என்பது பெருந்தன்மையான மதிப்பீடு. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டையும் காயாகக் கணக்கில் சேர்க்கும் வீடுகள்தான் அதிகம்.

இப்போது அரிசியில் 100 கிராமைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் 100 கிராம் சோள மாவில் தட்டிய இரண்டு ரொட்டியை வைத்தால் கணக்கு ஏழரை கிராம் உயர்கிறது. மாலையில் நடுத்தரக் கொய்யா ஒன்று (100 கிராம்) இன்னும் எட்டரை. 36 கிராம் வந்துவிட்டது. மருந்துக் கடைக்குப் போகவே இல்லை. கொய்யாவை வெட்டிக் கொடுக்கும் வண்டிக்காரர் தூவ வரும் மிளகாய்ப் பொடியை மட்டும் கையை நீட்டித் தடுக்க வேண்டும்.

ஹைதராபாதில் சோள ரொட்டிக்கு ஒரு தனிக் கதை உண்டு. தெலங்கானாவின் ஏழை வீட்டு உணவு அது. 1983ல் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி தந்தார். பட்டினியைத் தணித்த அந்தத் திட்டம், வேறு பல காரணங்களோடு சேர்ந்து, ஜொன்ன ரொட்டியை அடுப்பிலிருந்து இறக்கவும் செய்தது. அரிசிச் சோறு தின்பதே கௌரவம் என்றாயிற்று. இன்று அதே ஊரின் தெருவோரங்களில் மாலையானால் பெண்கள் அடுப்பு மூட்டி ஜொன்ன ரொட்டி தட்டுகிறார்கள்; வாங்குபவர்களில் பலர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வருபவர்கள், சர்க்கரை நோய்க்குப் பயந்தவர்கள். ராஜேந்திரநகரில் இருக்கும் இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனம் சோளத்துக்காகவே தொடங்கப்பட்ட மையத்தின் வளர்ச்சி. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது அதன் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது.

ஆந்திரச் சாப்பாட்டில் வெடிப்புக்காரர்களுக்கு இன்னொரு நண்பன் பெசரட்டு. தோலோடு முழுப் பாசிப்பயறை அரைத்து வார்ப்பது. 100 கிராம் பயறில் 17 கிராம் நார். அதே பயறைத் தோல் நீக்கிப் பருப்பாக்கினால் பாதியளவுதான் தேறும். நம் ஊர்ச் சுண்டலும் சளைத்ததல்ல: கொண்டைக்கடலையில் 25 கிராம். ஒரு கை நிறையச் சுண்டல், ஒரு தட்டு சாதத்தின் நாரை அநாயாசமாக மிஞ்சிவிடும். நவராத்திரியில் ஒன்பது நாள் மட்டும் மலச்சிக்கல் இல்லாமல் இருந்ததாகச் சொல்பவர்கள் காரணத்தை அம்பாளிடம் மட்டும் தேட வேண்டியதில்லை.

பிரியாணி? ஹைதராபாதில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. தீட்டிய அரிசியும் இறைச்சியும் நெய்யும் சேர்ந்த தட்டில் நார் என்று சொல்ல வறுத்த வெங்காயம்தான் உண்டு. இறைச்சியில் நார் துளியும் கிடையாது. ரம்ஜான் மாத ஹலீம் பரவாயில்லை, அதில் கோதுமையும் பருப்பும் இருக்கின்றன. ஆனால் நோன்பு நாட்களில் பகலில் தண்ணீர் இல்லை என்பதால் இரவிலேயே அதைச் சரிக்கட்டியாக வேண்டும்.

மிளகாய் விவகாரம் தனி. காரம் சாப்பிட்டால் எரியும் என்பது பாட்டிமார் சொன்னதுதானே என்று நெடுங்காலம் டாக்டர்கள் சிரித்தார்கள். நாக்பூரைச் சேர்ந்த டாக்டர் பி.ஜே. குப்தா 2008ல் இதைச் சோதனைக்கே உட்படுத்தினார். புதிதாக வெடிப்பு கண்டவர்களுக்கு ஒரு வாரம் மிளகாய்ப் பொடி அடைத்த குப்பி, இன்னொரு வாரம் வெற்றுக் குப்பி. எது எப்போது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. மிளகாய் வாரத்தில் வலியும் எரிச்சலும் கூடியதை நோயாளிகள் பதிவு செய்தார்கள். மிளகாயின் காரப் பொருள் முழுவதும் செரிப்பதில்லை. நாக்கில் சூட்டை உணர்த்தும் அதே வகை நரம்பு முனைகள் மறு கோடியிலும் இருக்கின்றன. மிளகாய் வெடிப்பை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் புண் ஆறும்வரை ஆவக்காயையும் மிர்ச்சி பஜ்ஜியையும் தள்ளி வைக்கச் சொன்ன பாட்டி தோற்கவில்லை. குண்டூர் மிளகாயில் வளர்ந்த நாக்குக்கு இது சின்னத் தியாகம் அல்ல என்பதும் உண்மை.

நார் உண்மையில் வெடிப்பை ஆற்றுகிறதா, அல்லது இதுவும் கேட்க நன்றாக இருக்கும் அறிவுரைதானா? டென்மார்க்கில் டாக்டர் ஜென்சன் செய்த இரண்டு ஆய்வுகள் இதற்கு விடை. 1986ல் வெளிவந்த முதல் ஆய்வில், முதன்முறை வெடிப்பு கண்ட 103 பேரை மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் களிம்பு. இன்னொன்றுக்கு ஸ்டீராய்டு களிம்பு. மூன்றாவது பிரிவுக்குக் களிம்பே இல்லை. வெந்நீரில் உட்காருவதும் கோதுமைத் தவிடும்தான். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது தவிட்டுப் பிரிவில் 87 சதவீதம் பேருக்கு ஆறியிருந்தது. லிக்னோகெயின் தடவியவர்களில் 60 சதவீதம். ஸ்டீராய்டு களிம்பு 82 சதவீதம் என்று நெருங்கி வந்தது, ஆனால் தவிட்டை வெல்லவில்லை.

அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆய்வு அதைவிட முக்கியம். வெடிப்பு ஆறிய 75 பேருக்கு ஓராண்டுக் காலம் தவிடு. ஒரு பிரிவுக்கு நாளைக்கு 15 கிராம், ஒன்றுக்கு அதில் பாதி, ஒன்றுக்குப் பெயருக்கு ஒரு போலி மருந்து. போலி மருந்துப் பிரிவில் 68 சதவீதம் பேருக்கு வெடிப்பு திரும்பியது. முழு அளவு தின்றவர்களில் 16 சதவீதம்தான். கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் பிரிவு: பாதி அளவு தின்றவர்களில் 60 சதவீதம் பேருக்குத் திரும்பிவிட்டது. பாதித் தவிட்டுக்குப் பாதிப் பலன் கிடைக்கவில்லை; கிட்டத்தட்டப் பலனே கிடைக்கவில்லை. 'நானும் காய்கறி சாப்பிட்டுத்தான் பார்த்தேன்' என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். 15 கிராம் தவிட்டில் நார் மட்டும் ஆறேழு கிராம் இருக்கும். அரிசிக்குப் பதில் இரண்டு சோள ரொட்டி தின்றால் கூடுதலாகக் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. ரொட்டியை வைத்து அதே ஆய்வு நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தவிட்டிலும் நுணுக்கம் உண்டு. கொரகொரப்பான தவிடு குடலின் உட்சுவரை உரசி நீர் சுரக்கச் செய்கிறது. நைசாக அரைத்துவிட்டால் அந்த வேலை நடப்பதில்லை, சிலருக்கு மலம் இறுகவும் செய்யும். இந்தியர்களுக்குப் பழகிய மாற்று இசப்கோல். குஜராத்தின் ஊஞ்சா, சித்பூர் வட்டாரங்கள் பதப்படுத்தி உலகத்துக்கே அனுப்பும் உமி அது; குதிரையின் காது என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். தண்ணீர் பட்டதும் கூழாகி, பெருங்குடலின் கடைசிவரை அந்த நீரை விடாமல் பிடித்துக்கொண்டு போவதுதான் அதன் குணம். மலம் இளகியிருந்தாலும் உருவம் கலையாது. வெடிப்புக்காரருக்கு வேண்டியது இதுதான். பேதி மருந்து தின்று தண்ணீராகப் போவதும் புண்ணுக்குக் கெடுதல்.

இசப்கோலைச் சாப்பிடும் முறையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஒரு மேஜைக்கரண்டி உமியை அரை டம்ளர் நீரில் கலக்கி, அது கெட்டியாவதற்குள் குடித்து, மேலே இன்னொரு முழு டம்ளர் நீர் குடிக்க வேண்டும். வாயில் உலர்ந்த உமியைப் போட்டு ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்குவது ஆபத்து. தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களும் குடலில் அடைப்பு உள்ளவர்களும் தொடவே கூடாது. வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது நல்லது. பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் நாள் இரவே அதிசயத்தை எதிர்பார்த்து மூன்று கரண்டி போட்டுக்கொள்பவர்கள் மறுநாள் வயிறு உப்பி அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்ல நேரும்.

சாப்பாட்டு நாருக்கும் இதே எச்சரிக்கை. நேற்றுவரை தயிர் சாதம் தின்றவர் இன்று கொண்டைக்கடலையும் கேழ்வரகுக் களியும் முழுக் கோஸும் தின்றால் வாயுத் தொல்லையில் மருந்தையே வெறுத்துவிடுவார். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் தேவை. கூடவே தண்ணீர். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஹைதராபாத் கோடையில் நாளுக்கு மூன்று லிட்டர் ஆடம்பரம் அல்ல. தண்ணீரில்லாத நார், குழைக்காத சிமெண்ட்.

இதைச் சொல்வது எளிது. பேருந்தில் இரண்டு மணி நேரம் போய் வேலை பார்த்து வரும் பெண்கள் வேண்டுமென்றேதான் தண்ணீர் குடிப்பதில்லை. போகிற இடத்தில் கழிப்பறை இல்லை, இருந்தாலும் கால் வைக்க முடியாது. உந்துதலை மாலைவரை அடக்கியே பழகியவர்கள் அவர்கள். பள்ளிக்கூடப் பெண்களுக்கும் இதே கதி. கர்ப்ப காலத்தில் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரை சேர்ந்துகொண்டால் மலச்சிக்கல் நிச்சயம். பிரசவத்துக்குப் பின் வெடிப்பு சகஜம். மாத்திரையை நிறுத்திவிடுவது தீர்வல்ல, ரத்த சோகை அதைவிடக் கெட்டது. டாக்டரிடம் சொன்னால் மலமிளக்கி சேர்த்துத் தருவார். ஆனால் அதற்குச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டோடு கூட வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரும் வைத்தியம் இறுகிய தசைக்கு இதம் தரும் என்பது பொது அனுபவம். அதே டாக்டர் குப்தா இதையும் சோதித்து, புண் ஆறுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, நோயாளிக்குத் திருப்தி இருக்கிறது என்று கண்டார். திருப்தியும் ஒரு மருந்துதான். டெட்டாலோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ கலக்கத் தேவையில்லை; எரிச்சல்தான் மிச்சம்.

ஆறேழு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வெடிப்பு நாள்பட்டதாகிவிடுகிறது. ஓரம் தடித்து, வெளியே சிறு தோல் முளை தொங்கும். அதைத் தடவிப் பார்த்துத்தான் பலர் மூலம் என்று முடிவு கட்டுகிறார்கள். இந்தக் கட்டத்தில் நார் மட்டும் போதாது. தசையைத் தளர்த்தும் டில்டியாஸெம் களிம்பு, அல்லது இதய நோயாளிகள் நாக்கின் அடியில் வைக்கும் அதே கிளிசரில் டிரைநைட்ரேட் கலந்த களிம்பு தருகிறார்கள். பின்னது தலைவலியைக் கொண்டுவரும். களிம்பு தோற்றால் உட்புறத் தசையின் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டித் தளர்த்தும் சிறு அறுவை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. ஒரு சிலருக்கு வாயுவை அடக்கும் சக்தி குறையக்கூடும் என்பதால்தான், குறிப்பாகப் பிரசவித்த பெண்களிடம், நல்ல சர்ஜன்கள் அவசரப்படுவதில்லை. கம்பத்து விளம்பரக்காரர்களுக்கு இந்தத் தயக்கம் கிடையாது.

எல்லா ரத்தமும் வெடிப்பல்ல என்பதை மறக்கக் கூடாது. நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக ரத்தம் வந்தால், மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறினால், எடை குறைந்தால், ரத்தம் கறுத்து வந்தால் பெருங்குடலையும் பார்த்தே ஆக வேண்டும். வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ பல இடத்தில் இருந்தாலோ, நம் நாட்டில் காசநோயையும் குடல் அழற்சி நோய்களையும் டாக்டர்கள் தேடுவார்கள். அப்போது கொய்யாவும் சோளமும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது தப்பு.

சாதாரண வெடிப்பு ஆறிவிட்டால் என்ன நடக்கிறது என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்ததே. வலி போன பதினைந்தாம் நாள் இசப்கோல் டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போகிறது. ஒரு மாதத்தில் பிரியாணி திரும்புகிறது, அதில் தவறில்லை. அடுத்த வேளைச் சுண்டலோ ரொட்டியோ திரும்புவதில்லை, தவறு அங்கே. ஜென்சனின் நோயாளிகள் தவிடு தின்றது ஓராண்டு.

மாலை இருட்டத் தொடங்கியதும் ஹைதராபாத் தெருமுனைகளில் ரொட்டி தட்டும் சத்தம் கேட்கிறது. ஈரக் கையால் மாவைத் தட்டி, தோசைக்கல்லில் போட்டு, மேலே தண்ணீர் தடவி, பிறகு நேராகத் தணலில் காட்டி எடுக்கிறார்கள். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் அப்பளம்போல விறைத்துவிடும். சூட்டோடு, ஒரு கீரைப் பருப்போடு, அங்கேயே நின்று தின்ன வேண்டியது அது. தொட்டுக்கொள்ளத் தரும் மிளகாய்ச் சட்னியை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்கத்தான் கேட்பார்கள்.